ஆரோக்கியமான கல்லீரலின் டி1, டி2 எண்கள் ஏன் மாறுகின்றன? அளந்து பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரோக்கியமான கல்லீரலின் டி1 எவ்வளவு? யாராவது இப்படிக் கேட்டால், எந்தக் காந்தத்தில், எந்த முறையில் என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில். எம்ஆர்ஐ ஸ்கேனில் ரேடியோ அலை தட்டிவிட்ட திசுவின் காந்தமாக்கம் பழைய நிலைக்கு மீள்வதன் நேர அளவு டி1, அதன் சிக்னல் மங்குவதன் நேர அளவு டி2. 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா காந்தப்புல வலிமையின் அலகு) இன்வர்ஷன் ரெக்கவரி முறையில் (விளக்கம் படி 4இல்) அளந்தால் ஏறக்குறைய 580 மில்லி விநாடி வரும். அதே ஆளை 3 டெஸ்லாவில் படுக்க வைத்தால் 800ஐத் தொடும். டி2 எதிர்த்திசையில் போகும்: 1.5 டெஸ்லாவில் 46ஐ ஒட்டி இருந்தது, 3 டெஸ்லாவில் 40ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கும். ஆளும் அதே ஆள், கல்லீரலும் அதே கல்லீரல்.

இது புதிய தலைவலி அல்ல. 1971இல் ரேமண்ட் டமேடியன் எலியின் திசுக்களை அளந்து சயின்ஸ் இதழில் எழுதியபோது, சாதாரணக் கல்லீரலின் டி1 0.293 விநாடி, கல்லீரல் கட்டியின் டி1 0.826 விநாடி என்று கொடுத்தார். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். ஒரே ஓர் எண்ணை வைத்து நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வளர்ந்தது. பிறகு பல கூடங்கள் அளக்கத் தொடங்கியதும் எண்கள் சிதறின. 1984இல் பால் பாட்டம்லியும் உடன் பணியாற்றியவர்களும் அதுவரை வெளிவந்த அளவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். டி1ஐ மிக அதிகமாக மாற்றுவது அதிர்வெண், அதாவது காந்தப்புல வலிமை என்பது அதில் தெளிவானது. அதைக் கழித்த பிறகும் கணிசமான சிதறல் மிஞ்சியது.

அந்த மிச்சச் சிதறலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் ஸ்கேனரில் ஆரோக்கியமான கல்லீரலுக்கு ஒரு இயல்பு வரம்பை நீங்களே உருவாக்க வேண்டும், அதில் எவ்வளவு உடலிலிருந்து வருகிறது, எவ்வளவு அளவையிலிருந்து வருகிறது என்று பிரிக்க வேண்டும் என்றால், நான் போகச் சொல்லும் வழி இது.

படி 1: "ஆரோக்கியம்" என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "எந்தப் புகாரும் இல்லாத தன்னார்வலர்" என்று எழுதிவிட்டு ஸ்கேன் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கல்லீரலில் கொழுப்பு சேர்வது சத்தமில்லாமல் நடக்கும். ஒல்லியாக இருப்பவருக்கும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை இயல்பாக வந்தவருக்கும் இருக்கலாம். டாலஸ் நகர ஆய்வு ஒன்றிலிருந்து 2005இல் வந்த 5.56 சதவீதம் என்ற கொழுப்பு எல்லையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் கொழுப்புப் பின்னத்தை (சிக்னலில் கொழுப்பின் பங்கை) அளந்துவிட்டு, அதற்குப் பிறகே அவரை "ஆரோக்கியம்" என்ற கூடையில் போடுங்கள்.

இரும்பும் அப்படித்தான். ஃபெரிட்டினாகவும் ஹீமோசிடரினாகவும் சேமித்து வைக்கப்படும் இரும்பு டி1, டி2, டி2* (காந்தப்புலச் சீரின்மையும் சேர்ந்து சிக்னல் மங்கும் நேரம்) மூன்றையும் குறைக்கும். மாதவிடாய் உள்ள பெண்களிடம் இரும்புச் சேமிப்பு பொதுவாகக் குறைவு. ஆண்களையும் பெண்களையும் ஒரே பட்டியலில் கலந்தால், ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே ஒரு மாறுபாட்டை நீங்கள் நுழைத்துவிடுகிறீர்கள். கலக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பதிவில் பிரித்து வையுங்கள், வயதையும் சேர்த்து.

இன்னும் மூன்று கேள்விகள் கட்டாயம். மது அருந்தும் பழக்கம் உண்டா? சமீபத்தில் கான்ட்ராஸ்ட் ஊசி (ஸ்கேன் படத்தைத் துலக்கும் மருந்து) போட்டார்களா? ஊசி வழி இரும்பு மருந்து எடுத்தார்களா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபெருமாக்ஸிட்டால் போன்ற மருந்து மாதக் கணக்கில் கல்லீரலின் சிக்னலை மாற்றிக்கொண்டே இருக்கும்.

படி 2: ஃபேண்டத்தை முதலில் அளங்கள்

மனிதர் உள்ளே போகும் முன், டி1, டி2 அளவு தெரிந்த கரைசல் குப்பிகள், அதாவது ஃபேண்டம், உள்ளே போக வேண்டும். டி1க்கு நிக்கல் குளோரைடு கரைசல், டி2க்கு மாங்கனீசு குளோரைடு கரைசல் என்பது பரவலான தேர்வு. நிக்கலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அறை வெப்பநிலை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அதன் டி1 பெரிதாக அசையாது. மற்ற பல கரைசல்களிலும் ஜெல்களிலும் ஒரு டிகிரி வித்தியாசமே எண்ணில் தெரியும். எனவே எந்தக் குப்பியானாலும் வெப்பமானியை வைத்து அளந்து எழுதுங்கள். இரவு முழுக்க ஸ்கேனர் அறையிலேயே வைத்திருந்து காலையில் அளப்பது நல்லது.

குப்பிகளின் டி1 300 முதல் 1200 மில்லி விநாடி வரை, டி2 20 முதல் 80 வரை பரவியிருக்கட்டும். கல்லீரல் எண் நடுவில் விழ வேண்டும். ஒரே ஒரு குப்பி போதாது. நேரம் குறைவான பக்கத்தில் சரியாகவும் நீண்ட பக்கத்தில் தவறாகவும் காட்டும் முறைகள் நிறைய உண்டு.

ஃபேண்டத்தை ஒரு தடவை அளந்து மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். நாங்கள் பயன்படுத்திய ஸ்கேனரில் ஒருமுறை மென்பொருளைப் புதுப்பித்த பிறகு கல்லீரல் டி1 எண்கள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தன. ஆட்களிடம்தான் ஏதோ மாற்றம் என்று இரண்டு வாரம் தேடினோம். கடைசியில் குப்பிகளைத் திரும்ப அளந்தபோது அவையும் அதே அளவு நகர்ந்திருந்தன. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் செலவழித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

படி 3: ஆளைத் தயார் செய்யுங்கள்

சாப்பிட்டவுடன் வாயிற் சிரையில் ரத்த ஓட்டம் கூடுகிறது. கல்லீரலில் நீரின் அளவும், கிளைக்கோஜன் சேமிப்பும், ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையும் மாறுகின்றன. நீர் ஏன் இவ்வளவு முக்கியம்? கல்லீரல் செல்லில் புரதம் நெருக்கமாக நிறைந்திருக்கிறது. அந்தப் புரதத்தின் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் நீர் வேகமாகத் தளரும் (பழைய நிலைக்கு மீளும்), விலகி நிற்கும் நீர் மெதுவாகத் தளரும், இரண்டும் இடைவிடாமல் இடம் மாறிக்கொள்ளும். நாம் அளப்பது இந்த இரண்டின் கலவை. பெரும்பாலான உறுப்புகளைவிடக் கல்லீரலின் டி1 குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் கலவையில் தனித்து நிற்கும் நீர் சிறிது கூடினாலும் டி1 நீளும்.

அதனால் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, எல்லோருக்கும் ஒரே மாதிரி. தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். முடிந்தால் எல்லோரையும் நாளின் ஒரே வேளையில் வரச் சொல்லுங்கள்.

மூச்சு: உள்ளிழுத்து நிறுத்துவதைவிட, வெளிவிட்டு நிறுத்துவது நல்லது. வெளிவிட்ட நிலையில் கல்லீரல் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பும். ஆழ்ந்து இழுக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும். படுக்கையில் ஏறும் முன் இரண்டு மூன்று முறை பழக்கி விடுங்கள்.

படி 4: டி1 அளத்தல்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் முறைகளுக்கு இடையே வரும் வித்தியாசம் பல நேரம் ஆட்களுக்கு இடையே வரும் வித்தியாசத்தைவிடப் பெரிது.

ஆதார முறை இன்வர்ஷன் ரெக்கவரி. காந்தமாக்கத்தைத் தலைகீழாகப் புரட்டி, பல காத்திருப்பு நேரங்களில் எவ்வளவு மீண்டது என்று பார்க்கிறோம். டி1 580 என்றால் சிக்னல் பூஜ்ஜியத்தைக் கடப்பது ஏறக்குறைய 400 மில்லி விநாடியில், அதாவது டி1இன் 0.693 மடங்கில். காத்திருப்பு நேரங்களை அந்தப் புள்ளியின் இரு பக்கமும் பரப்புங்கள், ஒரு பக்கமே குவிக்காதீர்கள். ஒவ்வொரு புரட்டலுக்கும் இடையே டி1இன் ஐந்து மடங்கு விடுங்கள், அதாவது மூன்று விநாடி. புரட்டும் பல்ஸ் (ரேடியோ அலைத் துடிப்பு) ஒருபோதும் முழுமையாகப் புரட்டாது. ஆகவே மூன்று மாறிகளுள்ள வளைவையே பொருத்துங்கள். முழுப் புரட்டல் நடந்ததாக வைத்து இரண்டு மாறிகளோடு பொருத்தினால், அந்தக் குறை டி1க்குள் ஒளிந்துகொள்ளும்.

இந்த முறையின் சிக்கல் நேரம். ஒரே மூச்சில் முடியாது. அதனால் வேகமான முறைகள் வந்தன, ஒவ்வொன்றும் தன் சாய்வோடு.

இதயத்துக்காக 2004இல் மெஸ்ரோக்லி குழுவினர் வெளியிட்ட மோலி முறையைக் கல்லீரலுக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரே மூச்சில் முடியும், மிகச் சீராகத் திரும்பவும் வரும். ஆனால் அது உண்மை டி1ஐவிடக் குறைவாகக் காட்டும். டி2வும், புரதத்துக்கும் நீருக்கும் இடையே நடக்கும் காந்தமாக்கப் பரிமாற்றமும் அதற்குள் கலந்துவிடுகின்றன. கொழுப்பு இருந்தால் இன்னும் தந்திரமானது: அது சிக்னலைப் படித்தெடுக்கும் முறையில், கொழுப்பும் நீரும் எந்த அலைக் கட்டத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து டி1 கூடவும் செய்யும், குறையவும் செய்யும். கொழுப்பு நான்கு சதவீதம் உள்ளவரும் அரை சதவீதம் உள்ளவரும் "ஆரோக்கியமானவர்"தான், ஆனால் மோலி எண்ணில் அந்த வித்தியாசம் உட்கார்ந்திருக்கும்.

மாறும் ஃபிளிப் கோண முறை, அதாவது காந்தமாக்கத்தைச் சாய்க்கும் கோணத்தை மாற்றி மாற்றி அளப்பது, கல்லீரல் முழுவதையும் ஒரே மூச்சில் மூடிவிடும். அதன் பலவீனம், கோணம் சரியாக இருந்தால்தான் டி1 சரி. தவறு ஏறக்குறைய இரட்டிக்கும்: உண்மைக் கோணம் கேட்டதில் 0.9 மடங்கு என்றால் டி1 0.81 மடங்காகத் தெரியும். 10 சதவீதக் கோணப் பிழை, 19 சதவீத டி1 பிழை. 3 டெஸ்லாவில் ரேடியோ அலையின் நீளம் உடலுக்குள் 30 சென்டிமீட்டரை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது, வயிற்றின் குறுக்களவும் அதே அளவு. எனவே வலது மடலில் ஒரு கோணம், இடது மடலில் ஒரு கோணம் கிடைப்பது விபத்து அல்ல, இயற்பியல். கோண வரைபடம் எடுத்துத் திருத்தாமல் 3 டெஸ்லாவில் இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம். என் கருத்து உறுதியானது: திருத்தம் இல்லாத அந்த எண்ணை எழுதி வைப்பதைவிட எழுதாமல் இருப்பது மேல்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் கடைசி வரை அதிலேயே இருங்கள். இரண்டு முறைகளின் எண்களை ஒரே வரம்பில் சேர்க்காதீர்கள்.

படி 5: டி2

இயற்பியலாளர் எர்வின் ஹான் 1950இல் ஸ்பின் எக்கோவை, அதாவது சிதறிய சிக்னலை இன்னொரு பல்ஸால் ஒன்றுசேர்த்து எதிரொலியாக்குவதை, காட்டினார். 1954இல் கார், பர்செல் இருவரும் அதைத் தொடர் எதிரொலியாக்கினார்கள். 1958இல் மெய்பூம், கில் இருவரும் பல்ஸ் பிழைகள் குவியாதபடி அதைச் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் அதே அடித்தளம்தான், அதே குறையும்தான்: திருப்பும் பல்ஸ் படத் துண்டின் முழு அகலத்திலும் சரியாக 180 டிகிரி இருப்பதில்லை. அதனால் உருவாகும் துணை எதிரொலிகள் சிறிது நேரம் டி1 வழியில் தங்கிவிட்டு வருவதால், டி2 உண்மையைவிட நீளமாகத் தெரியும். இரண்டாம் எதிரொலி முதலாவதைவிட உயரமாக இருந்தால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். முதல் எதிரொலியை விட்டுவிட்டுப் பொருத்துவது பாதி மருந்து. துணை எதிரொலிகளையும் கணக்கில் எடுத்துக் கணித்த வளைவுகளோடு ஒப்பிட்டுப் பொருத்துவது முழு மருந்து.

எதிரொலிகளுக்கு இடையேயான இடைவெளியையும் எழுதி வையுங்கள். இரும்பைச் சுற்றி அலையும் நீர் மூலக்கூறுகள் இடைவெளி நீள நீள அதிகமாகக் கட்டம் இழக்கும், டி2 குறையும்.

படி 6: டி2*

மூன்றிலும் எளிதாக எடுக்கக்கூடியது, மூன்றிலும் எளிதாகக் கெட்டுப்போவதும் இதுவே. 1.5 டெஸ்லாவில் ஆரோக்கியமான கல்லீரலுக்கு 25 முதல் 35 மில்லி விநாடிக்குள் பெரும்பாலும் விழும். 3 டெஸ்லாவுக்கு மாற்ற ஒரு பயனுள்ள தொடர்பு உண்டு. டி2*இன் தலைகீழான தளர்வு வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 டெஸ்லா வேகத்தை இரண்டால் பெருக்கி 11ஐக் கழித்தால் 3 டெஸ்லா வேகம் ஏறக்குறையக் கிடைக்கும். 33 மில்லி விநாடி என்றால் வேகம் (1000ஐ 33ஆல் வகுத்தால்) விநாடிக்கு 30. இரட்டித்துக் கழித்தால் 49. திருப்பினால் 20 மில்லி விநாடி.

கெடுக்கும் முதல் காரணம் காற்று. நுரையீரலை ஒட்டிய மேல்பகுதியிலும், இரைப்பை வாயுவை ஒட்டிய இடது மடலிலும், பெருங்குடல் வளைவை ஒட்டிய கீழ்ப்பகுதியிலும் காந்தப்புலம் சரிந்து டி2* குறையும். துண்டு தடிமனாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டாவது கொழுப்பு. 1.5 டெஸ்லாவில் கொழுப்பும் நீரும் 2.3 மில்லி விநாடியில் எதிரெதிராகவும் 4.6இல் சேர்ந்தும் நிற்கும். வெறும் ஐந்து சதவீதக் கொழுப்பே சிக்னலைப் பத்து சதவீதம் மேலும் கீழும் ஊசலாட்டும். அந்த ஊசலில் சாதாரண வளைவைப் பொருத்தினால் எதிரொலி நேரங்களைப் பொறுத்து விடை மாறும். கொழுப்பையும் சேர்த்துப் பொருத்தும் முறை இருந்தால் அதுவே சரி. இல்லாவிட்டால் சேர்ந்து நிற்கும் நேரங்களை மட்டும் எடுங்கள்.

படி 7: எங்கே வட்டம் போடுவது

எண்ணைப் படிக்கப் படத்தில் வட்டம் போட வலது மடலின் நடுப்பகுதி பாதுகாப்பானது. இடது மடல் இதயத் துடிப்போடு அசைகிறது, அங்கே எண் சிதறுவது திசுவின் குற்றமல்ல. ரத்தக்குழாய், பித்தநாளம், ஓரம் இவற்றைத் தவிருங்கள். ரத்தத்தின் டி1 கல்லீரலைவிட இரு மடங்குக்கும் மேல். வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ரத்தம் நுழைந்தால்கூட, 580 என்று வர வேண்டிய சராசரி 670 என்று வந்துவிடும். நோய் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே தேடும் வித்தியாசமே சில நேரம் இவ்வளவுதான்.

மூன்று துண்டுகளில் மூன்று வட்டம் போட்டு, புள்ளிகளின் இடைநிலை அளவை எடுப்பது என் பழக்கம். அப்புறம் சின்னதாகத் தெரிந்தாலும் சண்டை மூட்டும் விஷயம் ஒன்று: டி2*ஐச் சராசரி எடுப்பதும், தளர்வு வேகத்தைச் சராசரி எடுத்துத் திருப்புவதும் ஒன்றல்ல. பாதிப் புள்ளிகள் 20, பாதி 40 என்றால் முதல் வழியில் 30, இரண்டாம் வழியில் 26.7. எந்த வழி என்று எழுதாத அறிக்கையை இன்னொரு அறிக்கையோடு ஒப்பிட முடியாது.

படி 8: திரும்ப அளந்து, மாறுபாட்டைப் பிரியுங்கள்

முழு வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை அளந்து திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) போட்டால், அதில் ஆட்களின் இயல்பு வேறுபாடும் அளவையின் நடுக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கவே முடியாது. ஒவ்வொருவரையும் குறைந்தது இரண்டு முறை அளக்க வேண்டும். அதுவும் படுத்தபடியே பொத்தானை மறுபடி அழுத்துவது அல்ல. அவர் எழுந்து வெளியே வந்து, திரும்பப் படுத்து, காயிலை (உடல்மேல் வைக்கும் சிக்னல் வாங்கியை) மறுபடி வைத்து, புலச் சீரமைப்பை மறுபடி செய்து அளக்க வேண்டும். முடிந்தால் இன்னொரு நாளிலும் ஒருமுறை.

கணக்கு எளிது. ஒவ்வொருவரின் இரு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். ஆட்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதுவே ஒரே ஆளுக்குள் உள்ள திட்டவிலக்கம். கற்பனையாக ஐந்து பேரின் டி1 வித்தியாசங்கள் 12, -8, 20, -15, 5 மில்லி விநாடி என்று வையுங்கள். வர்க்கங்களின் கூட்டல் 858, பத்தால் வகுத்தால் 85.8, வர்க்கமூலம் 9.3. இதை 2.77ஆல் பெருக்கினால் 26 மில்லி விநாடி. ஒரே ஆளிடம் இரு அளவுகளுக்கிடையே 26க்கும் குறைவான மாற்றத்தை உண்மையான மாற்றம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியாது.

இப்போது இதே கற்பனைக் குழுவில் ஆட்களுக்கு இடையேயான மொத்தத் திட்டவிலக்கம் 40 என்று கொள்வோம். வர்க்கம் 1600. அதில் அளவையின் பங்கு 86, அதாவது ஐந்து சதவீதம்தான். மீதி 95 சதவீதம் ஆட்கள் உண்மையிலேயே வேறுபடுவது. சராசரி 580 என்றால் இயல்பு வரம்பு 500 முதல் 660 வரை, 160 அகலம். ஆனால் ஒரே ஆளுக்குள் 26 மாறினாலே கவனிக்க வேண்டும். 530இல் இருந்தவர் ஆறு மாதம் கழித்து 590க்கு வந்தால், இரண்டும் இயல்பு வரம்புக்குள்தான், இருந்தும் அவருக்குள் ஏதோ மாறியிருக்கிறது. வரம்பை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. நோயாளியைத் தொடர்ந்து பின்பற்றும்போது அவருடைய பழைய எண்தான் அவருக்கு உகந்த அளவுகோல் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எத்தனை பேர் வேண்டும்? இருமுறை அளவைக்கு 35 பேர் என்பது பரவலான பரிந்துரை. ஒரே ஆளுக்குள் உள்ள திட்டவிலக்கத்தின் நிச்சயமின்மை 35 பேருக்கு 12 சதவீதம், பத்துப் பேருக்கு 22 சதவீதம். இயல்பு வரம்பை உருவாக்குவது வேறு வேலை. அதற்கு ஆய்வக மருத்துவத்தில் 120 பேர் கேட்பது வழக்கம். பத்துப் பேரை வைத்து "இயல்பு வரம்பு" என்று எழுதாதீர்கள், "எங்கள் முதல் பத்துப் பேர்" என்று எழுதுங்கள்.

அளப்பவரையும் மாற்றிப் பாருங்கள். ஒரே படத்தில் இருவர் தனித்தனியே வட்டம் போட்டு ஒப்பிட்டால், சிதறலில் எவ்வளவு கைப்பழக்கம் என்று தெரியும். இரண்டு ஸ்கேனர்களுக்கு இடையே வருவதோ பெரும்பாலும் ஒரே பக்கச் சாய்வு. நடுக்கத்தைப் போல அதைச் சராசரியால் கரைக்க முடியாது. ஃபேண்டத்தில் அளந்து திருத்துங்கள், இல்லையேல் தனித்தனி வரம்பு வையுங்கள்.

படி 9: எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை

காந்தப்புல வலிமை, ஸ்கேன் வரிசையின் (சீக்வென்ஸ்) பெயரும் மென்பொருள் பதிப்பும், காத்திருப்பு அல்லது எதிரொலி நேரங்கள், கோணத் திருத்தம் உண்டா, எத்தனை மாறிகளுள்ள வளைவு, கொழுப்பைச் சேர்த்துப் பொருத்தினீர்களா, வட்டம் எந்தப் பகுதியில், எந்த வழியில் சராசரி, எத்தனை மணி நேரம் வெறும் வயிறு, எந்த மூச்சு நிலை. இவற்றோடு ஒரே ஆளுக்குள் உள்ள திட்டவிலக்கமும், ஆட்களுக்கு இடையே உள்ளதும் தனித்தனி வரியில். கடைசியாக ஃபேண்டம் அளந்த தேதி. அந்தத் தேதிக்குப் பிறகு மென்பொருளோ காயிலோ மாறியிருந்தால், குப்பிகளை மறுபடி அளக்கும் வரை பழைய வரம்பைப் பயன்படுத்தாதீர்கள்.